அத்தோ கடையும் ஒரு பார்சலும்

பெரம்பூர் நண்பர் ஒருவர், பர்மா பஜாருக்குப் பின்னால் நான் ஒன்பது ஆண்டுகளாகப் போய்வரும், அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் விற்கும் கடைக்குக் குடும்பத்தோடு போகலாமா, அங்கே எரிந்து விழுகிறார்களாமே என்று கேட்டார். எரிந்து விழுவதில்லை, முகம் கொடுத்தும் பேசமாட்டார்கள். தட்டை வாங்கியதும் ஓரமாக நகர்ந்துவிட வேண்டும், சில்லறையோடு போக வேண்டும், அவ்வளவுதான். சூப் இன்னும் கொஞ்சம் கேட்டால் வாய் திறக்காமல் ஊற்றிவிடுவார்கள். பர்மாவில் மீனும் வாழைத்தண்டும் சேர்த்துக் காய்ச்சும் மொய்ங்காதான் அந்தச் சூப்; இங்கே மீன் போய்த் தண்டு மட்டும் நிலைத்திருக்கிறது.

கலக்குபவரின் கையை அருகில் நின்று பார்க்க வேண்டும். நூடுல்ஸ் ஒரு பிடி, மெலிதாக அரிந்த கோஸ், வெங்காயம், வறுத்த கடலை மாவு, மிளகாய்த்தூள், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய் என்று எதையும் அளக்காமல் அள்ளிப் போட்டு, நான்கே பிசையலில் எல்லாவற்றையும் ஒன்றாக்கி, கடைசியில் பேஜோ என்ற பொரித்த வில்லைகளை உள்ளங்கையில் நொறுக்கித் தூவுவார். அந்த மொறுமொறுப்பு நாக்கில் இருக்கும்போதே சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். ஒன்பது ஆண்டுகளில் ஒருநாள்கூட உப்போ புளியோ தவறியதில்லை.

என் மனத்தாங்கல் பார்சலைப் பற்றியது. ரங்கூனில் பிறந்த அம்மா, 1962இல் அங்கே ராணுவ ஆட்சி வந்து நம்மவர்களின் கடைகள் பறிபோன பிறகு, எட்டு வயதில் கப்பலேறிச் சென்னைக்கு வந்தவர். முழங்கால் வலியால் இப்போது கடைவரை வர முடியாது என்பதால், ராயபுரத்துக்குக் கட்டிக்கொண்டு போகிறேன். பேஜோவைத் தனியாக மடித்துக் கொடுங்கள் அண்ணா என்று எத்தனை முறை கேட்டாலும், "கலந்தாத்தான் அத்தோ, தனியால்லாம் கட்ட முடியாது" என்று சொல்லி, புளித்தண்ணீரோடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிடுகிறார். வீடு போய்ச் சேருவதற்குள் எல்லாம் ஊறிக் கூழாகிவிடுகிறது.

மாலையில் முப்பது பேர் சூழ்ந்து நிற்கும் கடையில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கட்டிக்கொண்டிருக்க முடியாது என்பதும், அந்த விலையில் கூடுதல் கவருக்கே கணக்குப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதும் எனக்குப் புரிகிறது. ஆனால் போன சனிக்கிழமை கூட்டமே இல்லை. கையில் காகிதம்கூடக் கொண்டுபோயிருந்தேன். அவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. அன்று இரவு அம்மா கரண்டியால் கிளறிக் கிளறி மொறுமொறுப்பான துண்டு ஒன்றாவது கிடைக்குமா என்று தேடிவிட்டு, இரண்டு வாயோடு தட்டை நகர்த்தி வைத்தார். பிறகு சூப்பை மட்டும் குடித்தார்.

நண்பருக்குச் சொன்னேன்: தாராளமாகப் போங்கள், நின்றுகொண்டே சாப்பிடுங்கள், வடசென்னையில் அதைவிட நல்ல அத்தோ நான் சாப்பிட்டதில்லை. நான் இனி அங்கே போவதாக இல்லை.