41 வாரம் ஆகியும் வலி வரவில்லை: காத்திருப்பதா, மருந்து வைப்பதா?

டாக்டர் கொடுத்த தேதி போய் ஒரு வாரம் ஆகிவிட்டது. அவ்வப்போது வருவதும் சூட்டு வலிதான். இப்போதே மருந்து வைத்து வலியை வரவழைப்பதா, 42 வாரம் வரை பொறுப்பதா?

முதலில் தேதி சரியா என்று பாருங்கள். 35 நாளுக்கு ஒருமுறை மாதவிலக்கு வருகிறவருக்கு, கடைசி மாதவிலக்கை வைத்துக் கணக்குப் போட்டால் தேதி ஒரு வாரம் முன்னாலேயே விழும். முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன் தேதியைத்தான் நம்ப வேண்டும்.

காத்திருந்தால் பலருக்கும் தானாகவே வலி பிடித்துவிடும். அதுவும் படிப்படியாக ஏறும். ஆனால் நாள் போகப் போக நஞ்சுக்கொடியின் வேலைத்திறன் தளர்கிறது, பனிக்குட நீர் குறைகிறது, குழந்தை உள்ளேயே மலம் கழித்துவிடவும் கூடும்.

ஸ்வீடனில் 2,760 பெண்களை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். 41 வாரத்தில் மருந்து வைத்த பிரிவில் ஒரு குழந்தையும் இறக்கவில்லை. 42 வரை காத்திருந்த பிரிவில் ஆறு குழந்தைகள் போய்விட்டன. ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். முடிவு 2019-இல் வெளியானது. காத்திருக்கும் பெரும்பாலானோருக்கு எதுவும் ஆகாது என்பதும் உண்மைதான். ஆனாலும் தேதி உறுதியாக இருந்தால், நான் மருந்து வைக்கும் பக்கம்தான்.

“மருந்து வைத்தால் கடைசியில் ஆபரேஷன்தான்” என்று வீட்டில் சொல்வார்கள். அந்த ஆய்வில் இரண்டு பிரிவிலும் சிசேரியன் ஏறக்குறைய நூற்றுக்குப் பத்து, பதினொன்றுதான். உண்மையான பாதகம் வேறு: வலி சட்டென்று, இடைவெளி இல்லாமல் வரலாம். அதனால் குழந்தையின் இதயத்துடிப்பை விடாமல் கவனிக்கிற ஆஸ்பத்திரியாக இருக்க வேண்டும்.

சரி, எதை வைப்பார்கள்? கர்ப்பப்பை வாயை இளக்க வைக்கும் ஜெல்லைக் குளிர்பதனத்தில் வைத்திருக்க வேண்டும், விலையும் அதிகம். மிசோப்ரோஸ்டால் மாத்திரை மலிவு, நன்றாக வேலை செய்யும். முன்பு சிசேரியன் ஆனவருக்கு மட்டும் கூடாது, கர்ப்பப்பையில் போட்ட பழைய தையல் பிரியலாம். பலூன் முறையில், சிறுநீர் போகப் போடும் அதே டியூபைக் கர்ப்பப்பை வாய்க்குள் விட்டு, நுனியில் இருக்கும் பலூனில் 30 முதல் 60 மில்லி நீர் ஏற்றுவார்கள். பாத்ரூமில் அது நழுவி விழுந்தால் பதற வேண்டாம். வாய் சுமார் மூன்று சென்டிமீட்டர் திறந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் தேவைப்பட்டால் டிரிப்ஸில் வலியை வரவழைக்கும் மருந்து ஏற்றுவார்கள்.

காத்திருக்க முடிவெடுத்தால், நீர் அளவையும் இதயத்துடிப்பையும் டாக்டர் சொன்ன நாளில் தவறாமல் பார்த்துவிடுங்கள். நடுவில் அசைவு குறைந்தால், ‘விடியட்டும்’ என்று இருக்காமல் ராத்திரியானாலும் கிளம்பிவிடுங்கள்.