கங்கு தடுக்கும் வென்ட்: பொருள் நல்லது, எச்ஓஏ (வீட்டு உரிமையாளர் சங்கம்)-தான் தலைவலி

எங்கள் வீடு கலிபோர்னியா மலையடிவாரத்தில், தொண்ணூறுகளில் கட்டியது. மேலே ஓடு, சுவரெல்லாம் ஸ்டக்கோ என்கிற சிமென்ட் பூச்சு, தீ நம்மை என்ன செய்துவிடும் என்றுதான் இருந்தேன். ஒருநாள் ஏணி போட்டு ஏறி அட்டிக் வென்டை, அதாவது கூரைக்கு அடியில் உள்ள வெற்றிடத்துக்குக் காற்று போகும் துளையைப் பார்த்தால் கால் அங்குலக் கண் வலை, மிளகு தாராளமாக உருண்டு போகும். காட்டுத்தீயில் பல வீடுகள் நேரடிச் சுவாலையால் எரிவதில்லை, காற்றில் பறந்து வரும் கங்கு இந்த ஓட்டை வழியாக உள்ளே புகுந்து அட்டிக்கில் பற்றவைக்கிறது. தீ அபாயப் பகுதியில் புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு 2008-லேயே விதி வந்துவிட்டது, பழைய வீட்டுக்காரர்கள் நாமாகப் பார்த்து மாற்றினால்தான் உண்டு.

வாங்கியது தேன்கூடு மாதிரி உலோகத் தட்டு உள்ள வென்ட். அதன் மேல் ஒரு பூச்சு, சூடு பட்டால் உப்பிக்கொண்டு கண்களை அடைத்துவிடும். கங்கும் சுவாலையும் வென்ட் வழியாகப் புகாமல் தடுக்கிறதா என்று பார்க்கும் ஏஎஸ்டிஎம் இ2886 (ASTM E2886) சோதனையில் தேறியதா என்று பார்த்துத்தான் வாங்கினேன், நீங்களும் அந்த எண்ணைப் பாருங்கள், பெட்டியில் போட்ட நெருப்புப் படத்தை நம்பாதீர்கள்.

குறை இல்லாமல் இல்லை. கண் சிறியது, காற்றோட்டம் குறையும், அதனால் கணக்குப் போட்டு இரண்டு வென்ட் கூடுதலாக வைக்க வேண்டியிருந்தது. தூசியும் சிலந்தி வலையும் சீக்கிரம் அடைக்கின்றன, நான் மாதம் ஒருமுறை பிரஷ் எடுத்துக்கொண்டு ஏறுகிறேன். அப்புறம், துணி உலர்த்தும் டிரையரின் குழாய் வாயில் இந்த மாதிரி வலை எதையும் மாட்டாதீர்கள், பஞ்சு சேர்ந்து அதுவே தீப்பிடிக்கும்.

சரி, எச்ஓஏ கதைக்கு வருவோம். கமிட்டி சொன்னது: வென்ட் முழுக்கச் சுவர் நிறத்தில் பெயிண்ட் அடி. தேன்கூட்டில் பெயிண்ட் பட்டால் அந்தப் பூச்சு உப்புமா? சுற்றியுள்ள ஃபிரேமுக்கு மட்டும்தான் அடிக்கலாம் என்று கூடவே வந்த தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது, அதைக் காட்டியும் வாய்வார்த்தையாக 'முடியாது' என்றார்கள். கலிபோர்னியா சிவில் கோட் 4765-ஐ எடுத்துப் படித்தேன். மறுப்பதானால் எழுத்தில் தர வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், மறுபரிசீலனைக்கு எப்படிப் போவது என்றும் சொல்ல வேண்டும், முடிவு கட்டட விதிக்கு எதிராகவும் இருக்கக்கூடாது. அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு ஒரு மின்னஞ்சல் போட்டேன், அடுத்த கூட்டத்திலேயே அனுமதி. ஃபிரேமுக்கு மட்டும் பெயிண்ட்.

வென்டுக்கு ஐந்துக்கு நாலு. எச்ஓஏ-வுக்கு மதிப்பெண் இப்போதைக்கு இல்லை, சுவரை ஒட்டி ஐந்தடிக்குள் கிடக்கும், கங்கு விழுந்தால் பற்றிக்கொள்ளும் மரப்பட்டைத் தூளை வாரிவிட்டு ஜல்லி போட அடுத்த விண்ணப்பம் அவர்கள் மேசையில்தான் இருக்கிறது.