ராத்திரியில் உருவம் தெரிகிறது என்னும் பிள்ளைக்கு எந்த நைட் லேம்ப்? மதுரைக் கடைகளில் கிடைக்கும் நான்கு வகை

ஆட்டிசம் உள்ள பதின்ம வயதுப் பிள்ளை "சுவத்துல ஆள் நிக்குது" என்று சொன்னால், விளக்கு வாங்கக் கிளம்புமுன் ஒரு வேலை இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு அதே தலையணையில் தலை வைத்துப் படுத்து, விளக்கை அணைத்துப் பத்து நிமிஷம் பாருங்கள். கண் இருட்டுக்குப் பழகியதும் ஒவ்வொன்றாகத் தெரியும்: பீரோ கண்ணாடியில் அசையும் நிழல், கொக்கியில் தொங்கும் சட்டை, கொசுவலையின் மடிப்பு, கொசு மருந்து மெஷினின் சிவப்புப் புள்ளி. கண்ணாடிக்கு ஒரு துண்டு, சட்டைக்கு அலமாரி, புள்ளிக்கு ஒரு துளி கறுப்பு இன்சுலேஷன் டேப். பாதிப் பிரச்சினை இதிலேயே தீர்ந்துவிடுவதும் உண்டு.

மாசி வீதி, டவுன்ஹால் ரோடு பக்கக் கடைகளில் இப்போது நான்கு வகை விளக்குகள் கிடைக்கின்றன.

கூரையில் நட்சத்திரம் காட்டும் புரொஜெக்டரை எடுத்ததும் ஒதுக்கிவிடலாம். அரைத்தூக்கத்தில் ஏற்கெனவே உருவம் பார்க்கும் பிள்ளைக்கு, அசையும் உருவங்களை நாமே காசு கொடுத்து வாங்கித் தருவதில் என்ன நியாயம்?

ஆள் அசைந்தால் எரியும் சென்சார் விளக்கும் வேண்டாம். புரண்டு படுத்தால் பளிச்சென்று எரியும், அரை நிமிஷத்தில் அணையும். எதிர்பாராத மாற்றம்தான் இந்தப் பிள்ளைகளுக்கு முதல் எதிரி. உடம்புச் சூட்டுக்கும் அறைச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்தே இந்த சென்சார் ஆளைக் கண்டுபிடிக்கிறது. சித்திரை வெக்கையில் அந்த வித்தியாசம் குறைவதால், தேவைப்படும்போது எரியாமலும் போகும்.

இருட்டினால் தானே எரியும் வகை பரவாயில்லை ரகம். தெருவைப் பார்த்த ஜன்னல் என்றால் வண்டி ஹெட்லைட் படும்போதெல்லாம் அணைந்து அணைந்து எரியும். வெள்ளைச் சுவரை ஒட்டி மாட்டினால் தன் வெளிச்சமே திரும்பிப் பட்டுக் கண் சிமிட்டும்.

எங்கள் ஓட்டு பழைய ஏற்பாட்டுக்குத்தான்: பிளக்கோடு வரும் ஹோல்டர், அதில் 0.5 வாட் எல்.இ.டி. ஜீரோ வாட்ஸ் பல்ப். தினம் பத்து மணி நேரம் எரிந்தாலும் மாதம் 0.15 யூனிட்தான். பழைய இழை பல்ப் பேருக்குத்தான் ஜீரோ. 12 முதல் 15 வாட் இழுக்கும், சூடும் ஆகும், கொசுவலை அருகே ஆபத்து. நீலமும் பச்சையும் வேண்டாம். நீல வெளிச்சம் தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பை அடக்கும். சிவப்பும் ஆரஞ்சும் அவ்வளவாகக் கெடுப்பதில்லை. ஆனால் சிவப்பைக் கண்டாலே மிரளும் பிள்ளைகள் உண்டு. நிறத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும்.

கடையிலேயே டெஸ்டிங் போர்டில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். போன் கேமராவில் பார்த்தால் வரிவரியாக ஓடுகிறதா, காதருகே வைத்தால் இரைகிறதா? நமக்குக் கேட்காத இரைச்சல் பிள்ளைக்குக் கேட்கலாம். பிளக் லூசாக ஆடினாலும் வாங்காதீர்கள்.

பலர் தவறுவது மாட்டும் இடத்தில். டியூப்லைட் பக்கத்தில், ஃபேனுக்கு மேலே மாட்டினால், சுற்றும் இறக்கையின் நிழல் ராத்திரி முழுக்கச் சுவரில் ஓடும். விளக்கு முழங்கால் உயரத்தில், தரையைப் பார்த்தபடி இருக்கட்டும். அதற்கு முன்னால் ஸ்டூல், நாற்காலி நின்றால் சுவரில் ஆள் உயர நிழல் விழும். வாசலுக்கும் கட்டிலுக்கும் இடையே வைத்தால், எட்டிப் பார்க்க வரும் அம்மாவின் நிழலே பூதமாகிவிடும். கரண்ட் போனால் தானே எரியும் 9 வாட் வெள்ளை பல்பை அந்த அறையில் போடவேண்டாம். நைட் லேம்பை இன்வெர்ட்டர் லைனில் இணையுங்கள், இல்லையேல் கட்டில் காலில் கயிறு கட்டி ஒரு டார்ச்.

அந்த டார்ச்சுக்குப் பகலில் பழக்கம் வேண்டும். டார்ச் அடி, பார், தொடு, அணை: நான்கு படம் வரைந்து சுவரில் ஒட்டி, ஒரு வாரம் மாலையில் ஒத்திகை. "ஒண்ணுமில்லடா" என்று மறுத்தால் நம்பமாட்டான், அவன் கண்ணுக்குத் தெரிகிறதே. "முனி அடிச்சிருச்சு" என்று வேப்பிலை எடுத்தால் அதுவே உறுதிச் சான்றிதழ். "உனக்குத் தெரியுது, எனக்குத் தெரியல, டார்ச் அடிச்சுப் பாப்போம்" என்பது போதும். படுக்கும் முன் விபூதி பூசுவது ஏற்கெனவே வழக்கம் என்றால் இருக்கட்டும். வழக்கம் எதையும் உடைக்காதீர்கள்.

எடைப் போர்வை (உள்ளே எடை வைத்துத் தைத்த கனமான போர்வை) பற்றி ஒரு வரி: ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் நடத்தி 2014-ல் வெளிவந்த ஆய்வில் அது தூக்க நேரத்தைக் கூட்டவில்லை, பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது, அவ்வளவே. மதுரை வெயிலுக்கு மார்கழி, தை தவிர வேலைக்காகாது.

விளக்கு உதவுவது தூங்கப்போகும்போதோ விழிக்கும்போதோ உருவம் தெரிந்து, அதைச் சொல்லவும் முடிகிற பிள்ளைக்கு. தூங்கி ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் அலறி, நம்மை அடையாளம் தெரியாமல், காலையில் நினைவும் இல்லை என்றால் அது வேறு. எழுப்பாமல், அடிபடாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஒவ்வொரு முறையும் அச்சாக ஒரே மாதிரி வந்தால், உடம்பு விறைத்தால், வாய் சப்புக்கொட்டினால் போனில் வீடியோ எடுத்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆட்டிசத்தில் வலிப்பு அதிகம், பதின்ம வயதில் தொடங்குவதும் உண்டு. சளிக்கும் இளைப்புக்கும் தரும் மான்டெலுகாஸ்ட் மாத்திரையால் கெட்ட கனவும் உருவத் தோற்றமும் வரலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2020-ல் கடும் எச்சரிக்கை விடுத்தது; சீட்டில் அது இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். பகலில், நன்றாக விழித்திருக்கும்போதும் தெரிந்தால் விளக்கை நம்பி நாள் கடத்தாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு ராஜாஜி மருத்துவமனையில் அந்தப் பிரிவு இருக்கிறது. அரசின் மனநலத் தொலைபேசி உதவி டெலி மானஸ், எண் 14416. டாக்டர் "குரல் கேக்குதா?" என்று கேட்டால் பக்கத்து வீட்டு டிவியை நினைத்து "ஆமா" என்பான். கேள்வியை உள்ளபடியே எடுத்துக்கொள்ளும் பிள்ளை என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பல்ப் வாங்கும்போது ஒரே நிறத்தில், ஒரே கம்பெனியில் மூன்றாக வாங்குங்கள். ஒன்று ஃபியூஸ் ஆகி, அடுத்தது கொஞ்சம் வேறு சாயலில் எரிந்தாலும் பழைய கதை முதலிலிருந்து தொடங்கும்.