ராயபுரத்தில் ஆறு ஞாயிறுகள்: ஒரு சிறுகதைப் பயிற்சி வகுப்பைப் பற்றி

ராயபுரத்தில் ஒரு வீட்டின் மொட்டைமாடிக் கொட்டகையில் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் நடந்த சிறுகதைப் பயிற்சி வகுப்பில் 1,500 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். நல்ல கரு அமைந்துவிட்டால் கதை வெற்றிபெற்றுவிடும் என்று அதுவரை நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை இரண்டாம் வாரமே தகர்ந்தது.

நான் கொண்டுபோன கதை, காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு பெண்ணைப் பற்றியது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்பதால் கணவனுக்கு வேலையில்லை, அவளுக்குக் கட்டுபடியாகும் விலையில் மீனும் கிடைக்கவில்லை. இவ்வளவையும் முதல் பக்கத்திலேயே விளக்கிவிட்டு, 'அவள் சொல்லொணாத் துயரத்தில் மூழ்கினாள்' என்று எழுதியிருந்தேன். ஆசிரியர் அந்த வரியை அடிக்கவில்லை. விடியுமுன் ஏலத்துக்குப் போய்ப் பழகியவள், போக வேண்டாத நாளில் எத்தனை மணிக்குக் கண் விழிப்பாள் என்று மட்டும் கேட்டார். விடை எனக்குத் தெரியும். மீன் விற்கும் என் அத்தை அதே நேரத்துக்குத்தான் எழுந்திருப்பார். எழுந்து, மீனே அரியாத அரிவாள்மனையைத் தேய்த்துக் கழுவி, காய்ந்து கிடக்கும் அன்னக்கூடையையும் கழுவிக் கவிழ்த்துவைப்பார். அதை எழுதிய பிறகு துயரம் என்ற சொல்லுக்குக் கதையில் வேலையில்லாமல் போயிற்று. இந்த ஒரு கேள்விக்காகவே கட்டிய பணம் தகும்.

நான்காம் வாரம் வந்த வேறொரு பயிற்றுநர், வடசென்னைச் சொற்கள் அச்சிட்ட தாள் ஒன்றைக் கொடுத்து, உரையாடல்களில் அவற்றைச் சேர்க்கச் சொன்னார். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது வருத்தமாக இருந்தது. அத்தை ஏலக்காரரிடம் பேரம் பேசும் பேச்சு வேறு, மாமியாரிடம் பேசும் பேச்சு வேறு. யாரிடம், எந்தத் தேவைக்காகப் பேசுகிறாள் என்று பாராமல் 'இன்னா', 'நைனா' என்று தூவினால் அவள் எவளோ ஒருத்தியாகிவிடுவாள்.

கடைசி வாரம் அவரவர் கதையை, இறுதிப் பத்தியை விட்டுவிட்டுப் படித்துக் காட்டினோம். பெரும்பாலான கதைகள் அதனால் மேம்பட்டன. என் கதையில் படகு நிறைய மீனோடு திரும்பிவரும் பத்தி இருந்தது. அதை எடுத்துவிட்டு, ஜூன் 14 இரவு அவள் அரிவாள்மனையை வாசலருகே கொண்டுவந்து வைப்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

வகுப்பில் பன்னிரண்டு பேர் இருந்தோம். அந்த இடத்துக்கும் நேரத்துக்கும் அது அதிகம்; எட்டுப் பேர் போதும். சேர விரும்புகிறவர்கள் எழுதி முடித்த கதை ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வெறுங்கையோடு வந்த இருவருக்கு முதல் மூன்று வாரங்களும் பயன்படாமலேயே போய்விட்டன.