ஐந்து பாடங்கள், நான்கு நிலங்கள்: கூகுளின் 'இன்டர்லேண்ட்' விளையாட்டு

இணையப் பாதுகாப்பு பற்றி ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கச் சொன்னால், கரும்பலகையில் 'செய்யக் கூடாதவை' என்று தலைப்பிட்டுப் பத்து வரி எழுதிப்போட்டு வகுப்பை முடித்துவிடுவது ஆசிரியர்களின் வழக்கம். நானும் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் முடித்தேன். இந்த ஆண்டு அதற்கு மாற்றாக, கூகுள் நிறுவனம் 2017 ஜூனில் வெளியிட்ட 'பீ இன்டர்நெட் ஆசம்' என்னும் திட்டத்தையும், அதன் அங்கமான 'இன்டர்லேண்ட்' விளையாட்டையும் எங்கள் பள்ளிக் கணினி அறையில் நான்கு வாரம் பயன்படுத்திப் பார்த்தேன். திட்டம் முழுவதும் இலவசம். விளையாடக் கணக்குத் தொடங்கவோ பெயரைப் பதியவோ வேண்டியதில்லை. உலாவியில் தளத்தைத் திறந்தால் போதும். பெயரையும் கைப்பேசி எண்ணையும் வாங்கிக்கொண்டு, அடுத்த பக்கத்திலேயே 'உங்கள் விவரங்களை யாருக்கும் தராதீர்கள்' என்று போதிக்கும் பயிற்சித் தளங்களைப் பார்த்துச் சலித்த எனக்கு இதுவே பாதி நிம்மதி.

விளையாட்டில் நான்கு நிலங்கள் உள்ளன. 'டவர் ஆஃப் ட்ரெஷர்' என்னும் நிலத்தில், சிதறிக் கிடக்கும் சொந்தத் தகவல்களை, துரத்திவரும் ஹேக்கரின் கையில் சிக்காமல் ஓடி ஓடிச் சேர்க்க வேண்டும். வலுவான கடவுச்சொல் எது என்று தேர்ந்தெடுத்துக் கோட்டையை எழுப்ப வேண்டும். வகுப்பில் மிகுந்த ஆரவாரம் இதற்குத்தான். கடவுச்சொல்லுக்கு நீளம் ஏன் முக்கியம் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, "மிஸ், எங்கம்மா போனுக்கு ஒண்ணு ரெண்டு மூணு நாலுதான். அது வீக்கா மிஸ்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்த பிறகுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்பது அவனுக்கு உறைத்தது. மறுநாள் வந்து, அம்மா எண்ணை மாற்றிவிட்டதாகச் சொன்னான். புதிய எண்ணையும் சொல்ல வாயெடுத்தவனைக் கையமர்த்தி உட்கார வைத்தேன்.

'ரியாலிட்டி ரிவர்' வினாடி வினா வடிவிலானது. சரியான விடையைத் தேர்ந்தெடுத்தால் ஆற்றைக் கடக்கலாம். தவறினால் தண்ணீரில் விழ வேண்டியதுதான். போலிச் செய்தியையும், போலி இணையதளத்தையும், தகவலைப் பறிக்க வரும் தூண்டில் மடலையும் இனங்காண்பது இதன் நோக்கம். நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மின்னஞ்சல் பழகிய குழந்தையை மனத்தில் வைத்தே இது எழுதப்பட்டிருக்கிறது என்பது இரண்டாம் கேள்விக்குள் தெரிந்துவிடுகிறது. என் மாணவர்களுக்குத் தூண்டில் வாட்ஸாப்பில் வருகிறது. 'இதைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் இலவச ரீசார்ஜ்' என்று வருகிறது. ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் விளையாடும் பையனுக்கு 'இலவச டைமண்ட்' என்று வருகிறது. ஆகவே ஒவ்வொரு கேள்விக்கும் விளையாட்டை நிறுத்தி, இதே ஏமாற்று நம் வீட்டுக் கைப்பேசிக்கு எந்த உருவில் வரும் என்று மாணவர்களையே சொல்லச் சொன்னேன். அவர்கள் கொடுத்த உதாரணங்கள் விளையாட்டில் உள்ளவற்றைவிடக் கூர்மையாக இருந்தன.

'மைண்ட்ஃபுல் மவுண்டன்' நிலத்தில், கண்ணாடிகளைத் திருப்பி ஒளிக்கதிரை உரியவரிடம் மட்டும் செலுத்த வேண்டும். எதையும் ஊருக்கெல்லாம் பரப்புகிறவர் மேல் அது பட்டுவிடக் கூடாது. எதைப் பகிர்கிறோம் என்று பார்க்காமலே, அறிவியல் பாடத்து ஒளி எதிரொளிப்பைப்போல எண்ணிக் கோணத்தை மட்டும் கணக்கிட்டுப் பலர் இதை முடித்துவிட்டார்கள். இணைய வம்பர்களைத் தடுத்துப் புகார் செய்யக் கற்பிக்கும் 'கைண்ட் கிங்டம்' எளிமையானது, சிறு வகுப்புகளுக்கு ஏற்றது. முப்பரிமாணக் காட்சிகள் என்பதால் எங்கள் அறையிலுள்ள பழைய கணினிகளில் நான்கு நிலங்களுமே திணறித் திணறித்தான் நகர்ந்தன.

திட்டத்தின் பாடங்கள் ஐந்து: கவனித்துப் பகிர்தல், போலியில் ஏமாறாதிருத்தல், ரகசியங்களைப் பூட்டிவைத்தல், பிறரிடம் கனிவாக நடத்தல், ஐயம் வந்தால் பெரியவரிடம் பேசுதல். ஐந்திணை படித்த பழக்கத்தால் ஐந்தாம் நிலத்தையும் தேடினேன், இல்லை. கடைசிப் பாடத்துக்கு மட்டும் விளையாட்டு கிடையாது, அது ஆசிரியர் கையேட்டோடு நின்றுவிடுகிறது. என் பார்வையில் இந்தத் திட்டத்தின் பெருங்குறை இதுதான். முகம் தெரியாத ஒருவர் வாரக்கணக்கில் நட்பாகப் பேசி, பிறகு படம் கேட்டு, பிறகு அந்தப் படத்தைக் காட்டி மிரட்டும்போது, வலுவான கடவுச்சொல் அந்தக் குழந்தையைக் காக்காது. திட்டு விழாது என்று நம்பி யாரிடமாவது வாய்திறந்து சொல்ல முடிந்தால்தான் உண்டு.

கையேடு அந்தப் பாடத்தை நன்றாகவே கையாள்கிறது, ஆனால் அமெரிக்க வகுப்பறைக்காக எழுதப்பட்டது. நம் ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டியவற்றை நாமேதான் சேர்த்துக்கொள்ள வேண்டும். பாலியல் தொல்லை பற்றிக் குழந்தை நம்மிடம் சொன்னால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம்; எனவே 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று அந்தக் குழந்தைக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இணையத்தில் பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930ஐ அழைக்க வேண்டும். இந்த இரண்டு எண்களையும் கணினி அறைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டினேன்.

இன்னொரு மௌனமும் கண்ணில் படுகிறது. ஹேக்கர், வம்பர், ஏமாற்றுக்காரர் என எதிரிகள் எல்லாரும் வெளியிலிருந்தே வருகிறார்கள். நாம் தேடுவதையும் பார்ப்பதையும் குறித்துவைத்து விளம்பரம் விற்கும் நிறுவனங்களைப் பற்றி விளையாட்டு பேசுவதில்லை. தயாரித்தவர் யார் என்று நினைத்துப் பார்த்தால் வியப்பதற்கில்லை. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே கொண்டு, அவர்களைக் குறிவைத்த விளம்பரத்தைப் பொதுவாகத் தடை செய்கிறது என்பதை ஏழாம் வகுப்புக்குத் தனிப் பாடமாகவே எடுத்தேன்.

பெற்றோருக்கென ஒரு சனிக்கிழமை மாலை ஒதுக்கினோம். வந்தவர்கள் பெரும்பாலும் தாய்மார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் தனிக் கருவியும் தனிக் கணக்கும் உண்டு என்ற எண்ணத்தில் இத்தகைய திட்டங்கள் அமைகின்றன. நம் வீடுகளில் ஒரே கைப்பேசியில்தான் வீட்டுப்பாடமும், யூடியூபும், கேஸ் பதிவும், ஜிபேயும் நடக்கின்றன. "எனக்கு ஓடிபி வந்தா படிச்சுச் சொல்றதே எம் பொண்ணுதான் டீச்சர், அவகிட்டப் போய் அதை யாருக்கும் சொல்லாதன்னு எப்படிச் சொல்றது?" என்று ஒருவர் கேட்டபோது எனக்கு உடனே பதில் வரவில்லை. பின்பு, கேட்பது தன் அம்மாவேயானாலும் அந்தச் செய்தியில் உள்ள தொகையையும் கடைப் பெயரையும் முதலில் வாசித்துக் காட்டி, அம்மா சரி என்ற பிறகே எண்ணைச் சொல்வது என்று மகளைப் பழக்கலாம் என்றேன். இத்தனை விளக்கமாகக் கையேடு எழுதுகிறவர்கள் ஒருமுறை நம் தாய்மார்களோடு உட்கார்ந்து பேசினால் நன்றாயிருக்கும்.

ஒட்டுமொத்தமாக, ஆசிரியர் பக்கத்தில் நிற்பதாக இருந்தால் எட்டு முதல் பன்னிரண்டு வயதுக் குழந்தைகளுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பிள்ளையைத் தனியே உட்காரவைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம் என்று எண்ணும் பெற்றோருக்குப் பரிந்துரைக்கமாட்டேன். நான் பயன்படுத்தியது ஆங்கிலப் பதிப்பு என்பதால், சொல்லுக்குச் சொல் பொருள் கூறவும் ஒருவர் தேவைப்பட்டது.

விளையாட்டை முடித்தவர்களுக்குச் சான்றிதழ் கிடைக்கிறது, அச்சிட்டுக் கொடுத்தேன். அதன் பின்பக்கத்தில், இணையத்தில் ஏதாவது நடந்தால் யாரிடம் சொல்வாய் என்று கேட்டு மூன்று பெயர் எழுதச் சொன்னேன். பெரும்பாலோர் அம்மா, அக்கா, சித்தி என்று எழுதினார்கள். ஒருவன் பக்கத்துத் தெரு மளிகைக்கடை அண்ணாச்சியை எழுதியிருந்தான். இரண்டு பேர் ஒன்றும் எழுதாமல் தாளைத் திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்த வாரத்திலிருந்து, வகுப்பு முடிந்த பிறகு அந்த இருவரோடும் சிறிது நேரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறேன்.