மூன்று இரவுக் கப்பலில் சாப்பாடு எப்படி, ஏழு இரவில் எப்படி?

சென்னையிலிருந்து சிங்கப்பூர் போய் அங்கே உல்லாசக் கப்பல் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் எடுப்பது 3 அல்லது 4 இரவுப் பயணம். ராயல் கரீபியன் நிறுவனத்தின் பெரிய கப்பல்கள் பினாங்கு, புக்கெட் என்று தொட்டுவிட்டுத் திரும்பும். கெண்டிங் ட்ரீம் வார இறுதியில் 2 இரவுக்கும் ஓடுகிறது. இதே நிறுவனங்களின் 7 இரவுப் பயணம் போய் வந்தவர்கள் “அந்தச் சாப்பாடே வேற” என்பார்கள். குறும்பயணத்தில் மலிவான சரக்கு போடுகிறார்கள் என்று சிலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அது பாதிதான் சரி. மாவு, கோழி, சமையற்கூடம், சமைக்கும் கை எல்லாம் ஒன்றுதான். மாறுவது பந்தி.

கல்யாண வீட்டில் மூன்றாம் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் அடுத்தவர் நிற்பார். குறும்பயணக் கப்பலுக்கு வாரம் இரண்டு முறை அந்த நிலை. காலை 6, 7 மணிக்குக் கரை சேர்ந்து, 10 மணிக்குள் நான்காயிரம் பேரை இறக்கி, 11 மணி வாக்கில் அடுத்த நான்காயிரம் பேரை ஏற்றத் தொடங்கி, மாலையில் கிளம்பியாக வேண்டும். அந்த இடைவெளியில்தான் காய்கறி, பால், இறைச்சி ஏற்றுவதும், குப்பை இறக்குவதும், எல்லாக் கேபின்களுக்கும் விரிப்பு மாற்றுவதும். 7 இரவுக் கப்பலில் இந்த நாள் வாரம் ஒருமுறைதான் வரும். ஊழியர்களின் ஓய்வுக்குச் சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை வரம்பு வைத்திருக்கிறது: 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி, வாரத்தில் 77 மணி. அதனால் ஆளை இழுத்துப்பிடித்து வேலை வாங்குவதற்கும் எல்லை உண்டு. முதல் நாள் இரவு தண்ணீர் கேட்டுப் பத்து நிமிடம் ஆகிறதென்றால் வெயிட்டர் அலட்சியமாக இருக்கிறார் என்று அர்த்தமில்லை. விடிந்ததிலிருந்து நிற்கிற ஆள் அவர்.

அடுத்தது பழக்கம். மெயின் டைனிங் ரூம் என்கிற பொது உணவுக்கூடத்தில் முதல் நாள் வெயிட்டர் உங்கள் பெயரைக் கேட்பார். இரண்டாம் நாள் உங்களுக்குக் காரம் வேண்டும், அப்பாவுக்கு மாட்டிறைச்சி கூடாது, குழந்தைக்கு முதலிலேயே சோறு வர வேண்டும் என்பது அவருக்குப் பிடிபடும். மூன்றாம் நாள் நீங்கள் கேட்காமலே ஊறுகாய் வரும். 3 இரவுப் பயணத்தில் அந்த மூன்றாம் நாள்தான் கடைசி இரவு. பெட்டியைக் கட்டிக் கேபின் வாசலில் வைக்கும் அவசரத்தில் பாதிப் பேர் இனிப்புக்குக்கூடக் காத்திருக்க மாட்டார்கள். 7 இரவில் இதற்கப்புறம் நான்கு நல்ல இரவுகள் மிச்சம்.

ஆகவே குறும்பயணம் போகிறவர்கள் நேரம் குறித்த இரவு உணவையே கேளுங்கள். எந்த நேரமும் வரலாம் என்கிற ‘மை டைம்’ ஏற்பாடு வசதிதான், ஆனால் ஒவ்வொரு இரவும் வேறு மேசை, வேறு வெயிட்டர் அமையக்கூடும். மூன்று இரவும் முதல் இரவாகவே போய்விடும். குறித்த நேரத்தில் அதே மேசை, அதே ஆள். 7 இரவானால் ‘மை டைம்’ எடுத்தாலும் பரவாயில்லை. பிடித்த வெயிட்டரின் பகுதியை மறுநாளும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

சைவம், ஜெயின் சாப்பாடு வேண்டுமென்றால் புக் செய்யும்போதே பதிந்துவிடுங்கள். கப்பலில் ஏறிய பிறகு சொன்னால், முதல் நாள் இரவு கிடைப்பது மெனுவில் ஏற்கெனவே இருக்கும் பொதுவான இந்திய சைவத் தட்டு. ராஜ்மா, சன்னா போன்றவை முந்தின நாளே ஊற வைக்கப்பட வேண்டியவை. இன்று கேட்டால் நாளைக்குத்தான். ஏறிய அன்று மதியமே டைனிங் ரூமுக்குப் போய்த் தலைமை வெயிட்டரைப் பார்த்து, மறுநாள் இரவுக்கு என்ன வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். “இந்தியன் ஃபுட்” என்று மொட்டையாகச் சொன்னால் பனீர்தான் வரும், மூன்று இரவும்.

மெனுவிலும் நாளின் எண்ணிக்கை தெரியும். வாரப் பயணத்தில் உடுத்திக்கொண்டு போகும் விருந்து இரவு பொதுவாக இரண்டு; குறும்பயணத்தில் ஒன்று. சிங்கி இறால் போன்ற விலை கூடிய உணவு பெரும்பாலும் வாரப் பயணத்து விருந்து இரவில்தான் கட்டணமின்றி வரும். 3 இரவுக் கப்பலில் அதை எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். அதற்குப் பதில், கப்பலிலேயே சுடும் ரொட்டி, காலை முட்டை, பாஸ்தா, வறுத்த கோழி போன்றவற்றில் கை வையுங்கள். யார் பரிமாறினாலும் இவை கெடுவதில்லை.

குறும்பயணத்தில் அதிகம் அடிவாங்குவது பஃபே. ஏறிய நாள் மதியம் கேபின் தயாராகும்வரை மொத்தக் கூட்டமும் அங்கேதான் நிற்கும். விடுமுறை வாரத்தில் ஒரே கேபினில் மூன்று, நான்கு பேர் இருப்பதால் கூட்டம் இன்னும் பெருக்கும். ராயல் கரீபியனின் ஸ்பெக்ட்ரம் கப்பலில் கேபினுக்கு இருவர் என்ற கணக்கிலேயே 4,246 பேர். சூடாக வைக்கும் உணவு 57 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமலும், குளிர்ச்சியானது 5 டிகிரிக்கு மேல் போகாமலும் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கக் கப்பல் சுகாதாரத் திட்டத்தின் விதி. அமெரிக்கத் துறைமுகம் தொடும் கப்பல்களுக்குத்தான் அது பொருந்தும், ஆனால் தட்டைப் பார்க்க நமக்கும் நல்ல அளவுகோல். கூட்டம் குறைந்த 2 மணிக்குப் பிறகு அடியில் கிடக்கும் பிரியாணியை விட்டுவிட்டு, புதிதாக நிரப்பிய தட்டிலிருந்து எடுங்கள்.

வயிற்றுக்கோளாறு பற்றி ஒரு விஷயம். நோரோ வைரஸ் தொற்றிய 12 முதல் 48 மணி நேரத்துக்குள் வாந்தியும் பேதியும் தொடங்கும். 3 இரவுக் கப்பலில் இரண்டாம் நாள் இரவு தொற்றினால் பலர் வீட்டுக்குப் போன பிறகே படுக்கக்கூடும். அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் வெளியிடும் கப்பல் நோய்ப்பட்டியலும் 3 முதல் 21 நாள் பயணங்களில், 3 சதவீதமும் அதற்கு மேலும் பேர் கப்பலிலேயே நோயைச் சொன்னால்தான் கணக்கில் எடுக்கும். குறும்பயணம் பட்டியலில் இல்லை என்பதால் அது சுத்தம் என்று ஆகாது. கை கழுவச் சோப்பும் தண்ணீரும்தான். வாசலில் பீய்ச்சும் சானிடைசர் இந்த வைரஸிடம் அவ்வளவாகப் பலிக்காது.

பணக் கணக்கிலும் குறும்பயணம் ஏமாற்றும். குடிவகைப் பேக்கேஜ் நாள் கணக்கில் விற்கப்படும். பயணம் முழுவதற்கும் எடுக்க வேண்டும். ஏறிய நாளில் பாதி ஏற்கெனவே போயிருக்கும். போதாக்குறைக்கு ராயல் கரீபியனில் மேலே 18 சதவீத டிப்ஸ். அளவாகக் குடிப்பவர் 3 இரவில் தனித்தனியாக வாங்குவதே மேல். அன்றாட டிப்ஸ் 2023 நவம்பரில் சாதாரணக் கேபினுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 18 டாலராக ஏறியது. அந்தக் கணக்கில் நான்கு பேர் குடும்பத்துக்கு 3 இரவில் 216 டாலர். அதே ஆண்டு சாதாரணக் கேபினைச் சுத்தம் செய்வது நாளுக்கு ஒருமுறையாகக் குறைந்தது. காலையா மாலையா என்று முதல் நாளே ஊழியரிடம் சொல்லிவிட வேண்டும்.

தனியாகக் காசு கொடுத்துச் சாப்பிடும் கட்டண உணவகம் எடுப்பதானால் குறும்பயணத்தில் ஏறிய இரவே எடுங்கள். டைனிங் ரூம் தடுமாறும் இரவு அது; கட்டண உணவகத்திலோ அன்றுதான் கூட்டம் குறைவு, சலுகையும் கேட்டுப் பெறலாம். கடைசி இரவு எல்லாரும் அங்கே முண்டுவார்கள்.

14 இரவுக்கு மேல் போனால் கதை வேறு. சேவை உச்சத்தில் இருக்கும், ஆனால் தொடர்ந்து ஐந்தாறு நாள் கடலிலேயே ஓடினால் கீரையும் பெர்ரியும் தட்டிலிருந்து மறைந்து, தர்பூசணி, அன்னாசி, ஆப்பிள் மட்டும் மிஞ்சும். மெனுவும் சுழன்று வரும்.

கப்பலின் பிறப்பையும் பாருங்கள். 2022 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பிய கார்டீலியா என்ற இந்திய நிறுவனத்தின் எம்ப்ரஸ், 1990-இல் நார்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரில் 3, 4 இரவுப் பயணத்துக்கென்றே கட்டப்பட்ட கப்பல். பயணிகள் பெரும்பாலும் இந்தியர்கள், சமையலும் இந்தியருக்கானது, ஜெயின் உணவும் உண்டு. வெயிட்டருக்கு நம் நாக்கைப் புரியவைக்க இரண்டு நாள் செலவழிக்க வேண்டியதில்லை. தோசைக்காக மட்டும் 7 இரவுக் கப்பலைத் தேடுகிறவர்கள் இதை 2 இரவுக்கு எடுத்துப் பார்க்கலாம்; விதவிதமான உணவகங்கள் வேண்டுமென்றால் சிங்கப்பூரின் பெரிய கப்பலில், 3-ஐ விட்டு 4 அல்லது 5 இரவாக எடுங்கள்.