லில்லியும் வேணும் பூனையும் வேணும்னா எது சரிவரும்?

ஏப்ரல் சீசன் வந்தா நுவரெலியாவுல பாக்குற பக்கமெல்லாம் பூதான். எங்க பெரியம்மா வீட்டு வாசல்ல லில்லி, உள்ள ஜாடியிலயும் லில்லி, நடுவுல எங்க பூனை சோமு, எதுல வாய் வைக்கலாம்னு சுத்திக்கிட்டு இருக்கும்.

நாய் லில்லிய தின்னா பெரும்பாலும் வயித்த கலக்குறதோட போயிடும், பூனைக்கு அப்பிடி இல்ல, இலை, இதழ், மகரந்தம், ஜாடித் தண்ணி எல்லாமே கிட்னிய அடிச்சிடும். டேலில்லியும் அதே கதைதான். ஓடை ஓரமா கூம்பு மாதிரி வெள்ளையா பூக்குதே கலா லில்லி, அது வேற சாதி, வாய் எரிஞ்சு எச்சி வடியும், கிட்னிக்கு போகாது.

சரி, வழிகளுக்கு வருவோம். மகரந்தத்த கிள்ளிட்டா போதும்னு பெரியம்மா சொன்னாங்க. பூக்கடையில கிள்றது துணியில கறை படாம இருக்கத்தான், மத்த எல்லாத்துலயும் விஷம் அப்பிடியே இருக்கே. அலமாரி மேல வைக்கலாம்னா பூனைக்கு அலமாரி ஒரு உயரமா? அது ஏறாட்டியும் இதழ் கீழ உதிரும். பூனை கிட்ட வராம இருக்க தோடம்பழத் தோல் போட்டா நம்ம ஊரு மழைக்கு ஒரு நாள் கூட தாங்காது, கோப்பித் தூள் போடுறவங்களும் இருக்காங்க, அதுவே பூனைக்கு விஷம்! கம்பி வலை கொஞ்சம் பரவால்ல, ஆனா பக்கத்துல உரசிட்டுப் போனாலே மகரந்தம் ரோமத்துல ஒட்டும், அப்புறம் நக்கும்.

பூனைய உள்ளயே வச்சிக்கலாம்தான். தோட்டத்து லயன் வீட்டுல அது நடக்குற காரியமா, எலி புடிக்கத்தானே வளக்குறோம்.

என்னைக் கேட்டா லில்லிய எடுத்துட்டு ரோசா, ஜெர்பரா, சூரியகாந்தி வைக்கிறதுதான் சரி, மூணுமே பூனைக்கு விஷமில்ல. ஏன் இவ்வளவு புடிவாதம்னா, தின்ன சில மணித்தியாலத்துல வாந்தி வரும், அப்புறம் சரியான மாதிரி தெரியும், 1 முதல் 3 நாளைக்குள்ள கிட்னி போயிடும். மாத்து மருந்துன்னு ஒண்ணு கிடையாது, சீக்கிரமா சேலைன் ஏத்துனாதான் உண்டு. பேராதனை கெம்பஸ்ல மிருக ஆஸ்பத்திரி இருக்கு, ஆனா இங்கருந்து மலை இறங்கிப் போகணுமே, அதனால நக்குனது தெரிஞ்ச உடனே மொதல்ல கிட்ட இருக்குற மிருக வைத்தியர்கிட்ட ஓடணும், பூவையும் கையோட கொண்டு போகணும்.

போன ஞாயித்துக்கிழமை கிழங்கெல்லாம் தோண்டி எடுத்துட்டேன். பெரியம்மா ரெண்டு நாளா எனக்கு தேத்தண்ணி ஊத்தல.